பதினொரு கிலோமீட்டர் மண்

சீட்டுக் கம்பெனி நோட்டீசின் பின்பக்கத்தில்
நான்தான் எழுதுகிறேன்.
குலசேகரம் வரை தார்.
பேச்சிப்பாறை கழிந்தும் கொஞ்சம் தார்.
பிறகு பதினொரு கிலோமீட்டர் மண்
என்று எழுதி, மண்ணுக்குக் கீழே
ரெண்டு கோடு போட்டேன்.

ரப்பர் வியாபாரியிடம் வாங்கிய பழைய பொலேரோ.
ஏழு தடவை கழுவியாச்சு.
ஒட்டுப்பால் நாற்றம் பின்சீட்டில்
டிக்கெட் எடுக்காத ஆளைப்போல
இன்னமும் உட்கார்ந்து வருகிறது.
ஜெபிஷாவுக்கு வளைவு ஆகாது.
மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழம்,
ஐந்தாவதில் கவர்.
கவர் பத்து என்று எழுதினேன்.
"திரும்பி வரவும் வளவு உண்டும்" என்றான் அஷ்லின்.
பத்தை அடித்து இருபது.

காட்டுக்குள் ராத்தங்கல் கிடையாது என்று
வனத்துறை ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.
ஜெஸ்டஸ் ஒரு வாரம் முகம் தூக்கி நடந்தார்,
யானைக்கும் அவருக்கும்
தனியாக ஏதோ ஒப்பந்தம் முறிந்ததுபோல.
அப்புறம்தான் ஞானசிகாமணி கிடைத்தார்,
கிராம்புத் தோட்டத்து ரைட்டர்.
முதலாளியிடம் கேட்டு
ஷெட்டுக்கு முன்னால் முற்றம் தந்தார்.
கூடவே போனில் நிபந்தனை:
"நாலு மணிக்கு மின்ன கேறி வந்துரணும்.
மழைண்ணா ஓடைக்கு இக்கரையிலயே
வண்டியத் திருப்பிரணும்,
பாப்பம்ணு நிக்கப்பிடாது.
வாழப்பழம் ஒண்ணுகூட கொண்டுவரப்பிடாது.
மணம் பிடிச்சி ஆன வரும்."

திருப்பிரணும் என்று லேசாகச் சொல்லிவிட்டார்.
மண்ரோட்டை ஆசைப்பட்டவருக்கு
முதுகில் தட்டு விலகிக் கிடக்கிறது.
தலையணை ஒன்று, இடுப்புக்கு.
ஓட்டுவது நான்.
நாலு ஞாயிற்றுக்கிழமையாக
அருமனைக்கு உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில்,
ஒரு வண்டி அகலத்தில்
முன்னே, பின்னே, முன்னே, பின்னே.
பால் சிரட்டை ரெண்டு உடைந்தது.
காசு கொடுத்தேன்.
வெட்டுக்காரர் வாங்கிக்கொண்டு
"வளயத்த முழுசா ஒடிங்க, பேடிக்காதிய" என்றார்.

கூடாரப் பெட்டியில் நாலு பேருக்கு என்று போட்டிருந்தது.
எந்த நாட்டு நாலு பேர் என்று போடவில்லை.
நேற்று ராத்திரி ஒத்திகை,
மார்த்தாண்டத்தில், எங்கள் மொட்டைமாடியில்.
காங்கிரீட்டில் ஆணி இறங்காது.
ஒரு கயிறு தண்ணி டேங்கில்,
ஒன்று டிவி டிஷ்ஷில்,
மற்றவை மணல் நிரப்பிய பெயிண்ட் வாளிகளில்.
பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த புஷ்பலதா
"என்னவும் விசேஷமா?" என்றாள்.
"இல்ல, படுத்துப் பாக்கோம்."
மீதித் துணியை எடுக்காமலே இறங்கிப்போனாள்.

ஒருவர் புரண்டால் மூவரும் புரளணும்.
அஷ்லினின் கால் வெளியே, கொசுவுக்கு.
மேம்பாலத்தில் கல்லேற்றிய லாரிகள்
மலையைத் துண்டு துண்டாக
மேற்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தன.
நாங்கள் போகப்போகிற மலைக்கு
என்ன முறை வேணும் அது என்று நினைத்தபடி கிடந்தேன்.

ஒரு மணிக்கு ஜெபிஷாவுக்கு மூத்திரம்.
மொபைல் வெளிச்சத்தில் இறங்கினோம்,
எண்ணிக்கொண்டே. இருபத்திரண்டு படி.
ஏறும்போது கேட்டாள்:
"அங்க எத்தன படி, அம்மா?"
"அங்க படி கிடையாது."
"பிறவு?"
பதில் இல்லாமல் ஏழு படி ஏறினேன்.

காலையில் நோட்டீசில் சேர்த்தது:
டார்ச், ஆளுக்கு ஒன்று.
கூடாரம் ஷெட்டுக் கதவைப் பார்த்து.
ஜெபிஷா என் பக்கம்.
அதற்குக் கீழே அஷ்லினின் கோணல் எழுத்தில்:
ஏத்தங்கா சிப்ஸ், அரைக்கிலோ.

சிப்ஸ் பழத்தில் சேருமா?
ரைட்டருக்கு மெசேஜ் போட்டு ஒரு நாளாச்சு.
நீலக் கோடு ரெண்டும் விழுந்துவிட்டது, பதில் இல்லை.
"ஆனையிட்ட கேக்கப் போயிருப்பாரு" என்கிறார் ஜெஸ்டஸ்,
தரையில் மல்லாந்து, முதுகுப் பயிற்சியில்.
நான் சிப்ஸுக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
சாவியை எடுத்தேன்.
இருட்டுவதற்குள் இன்னும் ஒரு தடவை
திருப்பிப் பார்க்கலாம்.