புளி மண்டி பிரைவேட் லிமிடெட்

பழையபேட்டையில் லாரிகள் புளி வாசனையோடு
வரிசை கட்டும் பங்குனியில்
எனக்கும் நாத்தனார் சாலம்மாவுக்கும்
ஒரு பிள்ளை பிறந்தது.
அழவில்லை. பால் கேட்கவில்லை.
மின்னஞ்சலில் வந்தது பிறந்த சான்று,
கூடவே பான் கார்டு.
பெண்ணையாறு புளி பிரைவேட் லிமிடெட் என்று
காதில் மூன்று முறை சொல்லலாம்,
காதுதான் இல்லை.

"இது தனி ஆள்" என்றார் கம்பெனி செக்ரட்டரி ஃபர்ஹானா.
"கடன் வாங்கும், நிலம் வாங்கும், வழக்குப் போடும்,
வழக்கில் நிற்கும். நீங்கள் வேறு, அது வேறு."
இருபத்திரண்டு வருஷமாக மண்டியில்
நாகவேணி என்றால் புளி, புளி என்றால் நாகவேணி.
சரி என்று தலையாட்டினேன்,
தட்டில் கல் ஏறுமுன்பே
தராசு முள் ஆடுவது போல.

வாசலில் பெயர்ப்பலகை கட்டாயமாம்.
பெயின்டர் பச்சையப்பன் இடம் போதாமல்
'லிமிடெட்'டை ஓரத்தில் நெருக்கினான்.
கடன் கொடுக்க வருகிறவனுக்கு
இங்கே ஒரு எல்லை உண்டு என்று
முன்கூட்டிச் சொல்லும் சொல் அது.
பலகையிலேயே அதுதான் சிறியது.

ஆடியில் மகளுக்குக் கல்லூரிப் பணம்.
கல்லாவில் எண்பதாயிரம் எடுத்தேன்.
எண்ணிய விரல் என்னுடையது,
பூட்டு என்னுடையது,
பணம் மட்டும் அந்தக் காதில்லாத பிள்ளையுடையது என்று
புரட்டாசியில் ஆடிட்டர் சிவப்பு மையில் சுழித்தார்.
"அம்மா பிள்ளைக்குக் கடன் தரலாம்" என்றார் ஃபர்ஹானா,
"பிள்ளை அம்மாவுக்குத் தந்தால்தான்
சட்டம் முறைக்கும்."

அப்போது சாலம்மாவும் நானும் பேசுவதில்லை.
மாரியம்மன் கூழுக்குக் கேழ்வரகு
யார் கொடுத்தது என்ற தகராறு.
ஆனாலும் இயக்குநர் கூட்டம் நடந்தே ஆக வேண்டும்.
நடந்தது. எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
நடுவில் ஒரு நோட்டு.
'இயக்குநர்கள் கலந்து பேசி, ஒருமனதாக' என்று
எழுதிக்கொண்டே போனாள் கணக்குப் பெண்.
பேசாமலே ஒருமனதானோம்.
பிந்திப் போட்ட படிவத்துக்கு
நாளுக்கு நூறு ரூபாய் தண்டம்;
கோபத்துக்கும் அப்படி ஒரு மீட்டர் ஓடியிருந்தால்
முதல் வாரமே கூழ் குடித்திருப்போம்.

தையில் கோர்ட் சம்மன்.
குப்பத்து வியாபாரி போட்ட வழக்கு:
தோசைப்புளியில் மணல், ஈரம்,
பதினான்கு லட்சம் நஷ்டம்.
குடோனில் இருந்த அத்தனை மூட்டையும்
என் வயிற்றில் கரைந்தது.
மூன்று முறை படித்தேன்.
பிரதிவாதி என்ற இடத்தில் என் பெயர் இல்லை.
வீடு இல்லை, தாலிக்கொடி இல்லை,
பிள்ளையின் பெயர் மட்டும்.

அன்றைக்குக் களத்தில்
ஒரு புளியம்பழத்தை நெரித்துப் பார்த்தேன்.
ஓடு சடசடவென்று விலகியது.
ஒரே உருவம், ஒரே காம்பு,
ஒட்டவே இல்லை.
அட, இதைத்தானா
இத்தனை இங்கிலீஷில் சொன்னது!

இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.
மூன்றாம் நாள் வங்கி மேனேஜர் போன்:
"வழக்கு பற்றிக் கேள்விப்பட்டோம்.
பிணையாளர் நீங்கள்தானே?"
ஐம்பது லட்சம் ஓவர்டிராஃப்ட்டுக்குப்
பென்சில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம்
பதினேழு கையெழுத்து,
ஒன்றையும் படிக்காமல்.
செங்காயில் ஓடு சதையை விடாது,
நகம் போட்டுப் பிய்த்தாலும்
சதையோடுதான் வரும்.
என் கையெழுத்தே என்னைக் காயாக்கி வைத்திருந்தது.

இப்போது எந்தத் தாள் வந்தாலும்
பேனா மூடியைத் திறக்குமுன் போன் போடுகிறேன்:
"காயா, பழமா?"
ஃபர்ஹானா சிரிக்கிறார். பிறகு படிக்கிறார்.
குப்பத்து வழக்கு வாய்தாவில் இருக்கிறது.
சாலம்மா பேசிவிட்டாள்,
மணலைப் பற்றித்தான், அதுவும் கத்தலாக.

நேற்று எண்பதாயிரமும் வட்டியும்
கல்லாவில் கட்டினேன்.
ரசீது போட ஆள் இல்லை,
கணக்குப் பெண் டீக்குப் போயிருந்தாள்.
நானே எழுதினேன்:
நாகவேணியிடமிருந்து பெற்றுக்கொண்டோம்.
கம்பெனிக்காக, நாகவேணி.
கிழித்து, எனக்கு நானே நீட்டி,
வாங்கி மடித்து
முந்தானையில் முடிந்துகொண்டேன்.