இரண்டாவது டம்

துரோலாக் தோட்டக் கிளினிக்கில்
வியாழன் என்றால் கட்டு மாற்றும் நாள்.
செம்பனை முள் ஏறிய உள்ளங்கைகள்,
குலை சரிந்து விழுந்த தோள்கள்,
எப்போதாவது ஒரு நாய்க்கடி.
டிரஸ்ஸர் திருமேனி லீவில் போனால்
கத்தரிக்கோல் என் பாடு, பதிவேடும் என் பாடு.
பதிவேடு இரண்டு:
ஆபீசுக்கு மலாயில் ஒன்று,
டிரஸ்ஸருக்குத் தமிழில் ஒன்று.

பாவுக்குக் கெண்டைக்கால். அரிவாள் நழுவியது.
நாங் கான் பாவ் என்று முழுசாக எழுதக்
கட்டத்தில் இடம் போதாது.
பர்மாக்காரனா என்றால் தலையாட்ட மாட்டான்.
ஸோமி என்பான்,
ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டான்.
மலாய் அவனுக்கு எட்டு வார்த்தை.
அவன் பாஷை எனக்கு ஒன்றே ஒன்று:
டம்.
மில்லில் எண்ணெய் போடும் கின் முங்
சொல்லிக்கொடுத்தது.
டம் என்றால் சுகம்.

போதாதா?
வந்ததும் கேட்பேன்: டம்?
டம், என்பான்.
எழுதுவேன்: நலம்.

அன்றைக்குப் பஞ்சு
புண்ணோடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
வெளியே பதினோரு பேர்,
ஒரு குழந்தை வீல் வீலென்று.
இழுத்தேன்.
டம்டம், என்றான்.
இழுத்தேன்.
டம்டம், டம்டம்.
கட்டில் கம்பியைப் பற்றிய விரல்கள்
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.
நான் பார்த்தது அதை அல்ல.
ஒரு சுகம் கேட்டால்
இரண்டு இரண்டாகத் தருகிறானே!
மேளம் மாதிரி இருக்குப்பா உன் பாஷை
என்று சிரித்தபடி எழுதினேன்:
மிக்க நலம். நாளை வேலைக்குப் போகலாம்.

எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தவள் நான்.
சலசல, கலகல.
பிரித்தால் பொருள் இல்லை என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள்.
சேர்த்தால் பொருளே மாறிப்போகும் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.
ஒரு சொல்லை மறுபடி சொன்னால்
அதே சொல், கொஞ்சம் சத்தமாக,
அவ்வளவுதான் எனக்கு.

சனிக்கிழமை தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
கால் தடித்து மினுங்கியது.
அன்னைக்கு நல்லாத்தானே இருந்தான்,
எத்தனை டம்டம் சொன்னான் தெரியுமா
என்று கின் முங்கிடம் முறையிட்டேன்.
உறிஞ்சிக்கொண்டிருந்த தேத்தண்ணிப் பையை
அவன் வாயிலிருந்து எடுத்தான்.
டம், சுகம்.
டம்டம்,
என்று தரையைப் பார்த்துச் சொன்னான்,
பெலான்-பெலான், அக்கா.

மெல்ல. மெல்ல.

மில் வளைவில் ஒரு மஞ்சள் பலகை உண்டு.
ஹாத்தி-ஹாத்தி.
ஒரு ஹாத்தி என்றால் ஈரல், இல்லாவிட்டால் மனசு.
இரண்டு ஹாத்தி என்றால் ஜாக்கிரதை.
பன்னிரண்டு வருஷமாக அதைத் தாண்டித்தான்
பைக்கில் வேலைக்கு வருகிறேன்.
மனசு மனசு என்று எழுதியிருக்கிறதே என
ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை.
பிரேக் மட்டும் பிடித்திருக்கிறேன்.

உப்புத்தண்ணீர் ஊற்றிப் பஞ்சை ஊறவிட்டேன்.
மின்விசிறி சுற்றியது.
டம்டம்? என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.
கொஞ்சம் கழித்து, நா செம்செம், என்றான்.
செம என்று எங்கள் பிள்ளைகள் கத்துகிற
அதே சத்தம். சிரிப்பு வரவில்லை.
என்னது அது, என்று கேட்டேன்.
வலி கூடக் கூட,
என்றான் கின் முங்,
எந்தக் கங்காணியிடம் கற்ற தமிழோ.

ஆம்புலன்ஸ் போன பிறகு
பதிவேட்டைத் திறந்தேன்.
அழிக்கக் கூடாது, அது விதி.
தப்பின் மேல் ஒற்றைக் கோடு போட்டு
சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்கணும்.
மிக்க நலம் மேல் கோடு போட்டேன்.
மெல்ல, என்று எழுதினேன்.
கட்டம் நிறைந்துவிட்டது.
இரண்டாவதைக்
கட்டத்துக்கு வெளியே எழுதினேன்,
திங்கட்கிழமை டிரஸ்ஸர் வந்து
இதென்ன என்று கேட்கட்டும்.