காற்று என்று எழுதினேன்

தொள்ளாயிரம் கொடிகள்.
டுபியூக் நகரத்தில், ஆற்றுப் பாலத்தருகே ஒரு கடை;
நூறு நூறாக ஒன்பது கட்டு,
நீலமும் இளஞ்சிவப்பும், கம்பிக் காலோடு.
வாங்கியது நான்தான். சங்கத்தின் பொருளாளர்.
தண்ணீர்க் குழாயா, நில அளவையா என்றார் கடைக்காரர்.
பூமிக்குள் எதுவோ போகிறது,
பார்த்துத் தோண்டு என்று சொல்ல
நடுகிற கொடிகளாம் இவை.
அப்படித்தான் என்றேன்.
பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.

அக்டோபர். நூலகத்துக்கு முன்னால் புல்வெளி.
வரிசை கோணாமல் கோல்பி கயிறு பிடித்தான்.
அவன் வீட்டில் பதினொரு பிள்ளைகள்;
தலை எண்ணிய பிறகுதான் வண்டியை எடுப்பார்கள்.
தெரேஸ்லின் முழந்தாளிட்டு நட்டாள்,
ஒவ்வொன்றுக்கும் ஏதோ முணுமுணுத்தபடி.
எனக்கு ஜெபம் வரவில்லை. இடுப்பு வலித்தது.

மத்தியானம் எதிரணி வந்தது.
நடைபாதை முழுக்கச் சாக்பீஸ்:
என் உடல், என்
அடுத்த சொல்லுக்குள் மழை.
ஒடாலிஸ் தன் குடையை
எங்கள் மேசைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.
"நோட்டீஸ் நனையுது பார்."
பிறகு, தான் யார் என்று ஞாபகம் வந்தவள்போல்
மழையிலேயே குடையை மடக்கிக்கொண்டு போனாள்.

இரவுக்குக் காவல் முறை வைத்தோம்.
போன வருடம் யாரோ பிடுங்கி
மிசிசிப்பியில் எறிந்துவிட்டார்களாம்.
இரண்டு முதல் நான்கு வரை என் முறை.
மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ஒரு போர்வை.

மூன்று மணிக்கு விடுதிப் பக்கமிருந்து ஒருத்தி.
கோட்டுக்குக் கீழே இரவு உடை.
ஜோடி சேராத செருப்பு.
முகம் தெரியும், பெயர் தெரியாது:
சலவை அறையில் காசு போட்டுவிட்டு
துணி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எழுந்தேன்.
சொல்ல வேண்டியதெல்லாம் மனப்பாடம்.
கோடையில் இந்தியானாவில் நான்கு நாள் பயிற்சி:
முதலில் கேள், பிறகு பேசு, கண்ணைப் பார்.
அவள்தான் முதலில் கேட்டாள்.
"இதுல எதுன்னு இருக்கா?
இல்ல, எதுவானாலும் சரியா?"

ஒன்றுக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை நாங்கள்.
பயிற்சிப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை.
எதுவானாலும், என்றேன்.

தூங்குகிறவர்களைத் தாண்டுவதுபோல்
பாதம் தூக்கி நடந்தாள்.
ஆறாவது வரிசை ஓரத்தில் சாய்ந்திருந்த ஒன்று.
அதை நேராக்கினாள்.
நேராக்கிவிட்டுப் பிடுங்கினாள்.
கம்பியின் மண்ணைக் கையாலேயே துடைத்து
கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?
முடிந்துபோனதா, இனிமேலா,
கூட யார் வந்தார்கள், யாராவது வந்தார்களா?
இன்றுவரை தெரியாது.
போர்வையை நீட்டினேன். வேண்டாமென்றாள்.
பிளாஸ்க் மூடியில் இரண்டு வாய் குடித்தாள்.
"உனக்குக் குளிரலையா?"
கேட்டது அவள், என்னை.

காலையில் கோல்பி எண்ணினான்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மறுபடியும் எண்ணினான்.
"யார் வந்தா? முகத்தைப் பார்த்தியா?"
அதற்குள் கண்டன அறிக்கையின் முதல் வரி
அவன் போனில் தயாராகிக்கொண்டிருந்தது.
ஆறாவது வரிசை ஓரத்தில் ஒரு துளை,
பென்சில் முனை அளவு.
அதன் வாயில் உறைபனி.

கணக்குப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் உண்டு:
இழப்பு, காரணம்.
காற்று என்று எழுதினேன்.
அன்றிரவு காற்றே இல்லை.
கொடிகள் அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஜனவரியில் வாஷிங்டன் பேருந்து.
பதினாறு மணி நேரம்; நானும் போனேன்.
நம்பாமல் போகவில்லை.
கோஷத்தில் என் குரலும் உண்டு,
கட்டைக் குரல், பிரித்தெடுத்துவிடலாம்.

வியாழக்கிழமைகளில் சலவை அறை.
எதிரெதிர் பெஞ்சு.
சில்லறை இருக்கா என்பாள்.
இருக்கு என்பேன்.
கால் டாலர் நான்கு.
அதைக் கணக்கில் எழுதுவதில்லை.