கையுறைக் கணக்கு

பகலில், மீனின் காதெலும்பை அறுத்து
வளையம் எண்ணுவது என் வேலை.
பெர்கன் துறைமுகம், மூன்றாம் மாடி, ஓயாத மழை.
பசித்த வருடமென்றால் வளையம் மெலிந்திருக்கும்.
மீன் பொய் சொல்லாது,
அதற்கு நேரம் கிடைத்ததில்லை.

இரவில் வேறு எண்ணிக்கை.
தொடர் முடிந்து ஒன்பது வருடம்.
அதில் ஆறாம் பகுதியிலேயே, கையில் பாதிக் காபியோடு
படகிலிருந்து தவறி விழுந்து செத்தான்
துணைமாலுமி யார்லே.
ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று
ரசிகர்கள் யாரும் விட்டுவிடவில்லை.
நவம்பர்தோறும் விழா வைக்கிறோம்,
கதை எழுதி, படம் வரைந்து
அவனைக் கரையேற்ற.

இம்முறை வந்தவை அறுபத்து மூன்று.
நாற்பத்தொன்றில் உயிரோடிருக்கிறான்.
பதினேழில் நினைவு தப்பியிருக்கிறது.
பன்னிரண்டில் அவனும் சமையற்காரனும்
பனிப்புயலுக்கு ஒதுங்கிய விடுதியில்
ஒரே ஒரு கட்டில்தான் காலி.
நார்வேயின் விடுதிக்காரர்களே,
இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டால்
குறைந்தா போவீர்கள்?
ஐந்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான்.
ஏனென்று தெரியவில்லை.
மகிழ்ச்சியாக முடியுங்கள் என்ற வேண்டுகோளுக்கு
மறுபடியும் அவனைக் கொன்று அனுப்புபவர்
வருடத்துக்கு ஒருவர் உண்டு.
கூடவே ஒரு மன்னிப்புப் பத்தி;
நல்ல வரிகள் அதில்தான் இருக்கும்.
கெடு முடியும் கடைசி ஒரு மணி நேரத்தில்
வந்து விழுந்தவை இருபத்தெட்டு.

ஓவியமென்றால் கையுறை.
தொடரில் ஒருவரும் கையுறை போட்டதில்லை.
விழாவிலோ எல்லோருக்கும் உண்டு.
இல்லையென்றால் கை சட்டைப்பைக்குள்,
முதுகுக்குப் பின்னால்,
ரொட்டிமாவில் மணிக்கட்டுவரை,
தூங்கும் பூனைக்கு அடியில்.
கை வரைய வராது என்று
யாரும் ஒப்புக்கொண்டதில்லை.
குளிர் என்றார்கள்.

இருபத்து மூன்று ஓவியங்களில்
வெறுங்கை ஒன்றே ஒன்று.
யார்லே மீன் ஆய்கிறான்.
நகக்கண்ணில் செதில், மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு.
தொழில் பழக்கம், விரலை எண்ணினேன்.
சுண்டுவிரலுக்கு அப்பால் இன்னொன்று.

"இயந்திரம் வரைந்தது" என்று எழுதினாள்
கீல் நகரத்து விப்கே, விழாவில் என் பங்காளி.
"ஆறு விரல். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நீக்கிவிடு."
ஏழாம் விதியும் அதைத்தான் சொல்கிறது.
அதை எழுதியவள் நான்.

வரைந்தவர் புனைபெயர் உப்புக்காகம்.
ஒரு மடல் எழுதினேன்.
நான்கு முறை அழித்ததில் ஒரு வாக்கியம் மிஞ்சியது:
கரட்டு வரைவு இருந்தால் அனுப்புங்கள்.

சிலியின் வால்டிவியாவிலிருந்து பதில் வந்தபோது
இங்கே விடியற்காலை நான்கு.
பதினொரு பென்சில் தாள், தேதி போட்டு.
ஒன்றில் காபிக்கறை.
ஒன்றில் ஐந்தாக வரைந்து, அழித்து,
தாள் நைந்த இடத்திலேயே ஆறாக்கியது.
கடைசியாக ஒரு புகைப்படம்:
மேசைமேல் அகல விரித்த இடது கை.
எண்ண வேண்டியிருக்கவில்லை.
"என் பெயர் ஒத்திலியா.
மீன்சந்தையில் தராசு பிடிக்கிறேன்.
முதல் விழாவிலிருந்து
இவனுக்குக் கையுறை போட்டுக்கொண்டிருந்தேன்.
போதுமென்று தோன்றியது."

விப்கேவுக்கு அனுப்பினேன்.
வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்,
மூன்று புள்ளிகள் துள்ளித் துள்ளி அடங்கின.
வந்தது "ஐயோ" மட்டும்.

என் அட்டவணையில்
கையுறைக்கென்று ஒரு பத்தி உண்டு: ஆம், இல்லை.
உப்புக்காகம், எட்டு வருடம், எட்டு ஆம்.
எட்டுப் படங்களையும் திறந்து
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது கையுறையின் வெளியோரத்தில்,
எட்டிலும்,
சிறு புடைப்பு.
கம்பளி மடிப்பென்று நினைத்திருந்தேன்.

ஏழரைப் பேருந்து வந்துவிட்டது. மழை.
பைக்குள்ளிருந்து கையை எடுக்காமலே
ஏறிக்கொண்டேன்.