பிரிவில் ஒருத்தி

காலை ஐந்தரை.
தண்ணீர் பதின்மூன்று டிகிரி என்றது ஒலிபெருக்கி.
யாரோ கைதட்டினார்கள்.
ரப்பர் உடுப்புக்குள் என்னைத் திணிக்க
இருபது நிமிடம் ஆனது.
இடது தோள்தான் கடைசியில் வந்தது,
கூப்பிட்டதும் எழாத பிள்ளை மாதிரி.

அதற்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி.
ஸ்கார்விக் வளைவில்
ஓர் ஆட்டுக்கு வழிவிட்ட கூலி.
ஆடு பிழைத்துக்கொண்டது.
எக்ஸ்ரேயில் என் காறை எலும்பைப் பார்த்தேன்:
முப்பத்தொரு வருடம் படகு எஞ்சின்களில்
நான் செய்த ஒட்டுவேலை மாதிரியே இருந்தது,
வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தது.

வலது முட்டியில் சவ்வு பாதிதான் மிச்சம்.
இடது குதிநரம்பு
எழுந்த முதல் பத்து அடிக்கு
என்னோடு பேசாது.
அப்புறம் நிறுத்தாது.

டாக்டர் எய்க்கலான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
நீந்துங்கள் என்றார்.
சைக்கிள் ஓட்டலாம், மேட்டில் வேண்டாம் என்றார்.
மேற்கு நார்வேயில் மேடில்லாத சாலை எது என்று
அவரும் சொல்லவில்லை.
ஓட்டம்? என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.

பெண்கள், அறுபத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது:
பட்டியலில் இரண்டு பெயர்.
ஒன்பது வருடமாக அதே இரண்டு பெயர்;
வயதுக் கட்டம்தான் நகர்ந்தது.
ஒன்பது முறையும் சோல்ஃப்ரிட் முன்னால்.
ஒருமுறை நாற்பதே வினாடி,
நான் நாடா கட்டக் குனிந்த நேரம்.

இந்த வருடம் 412 என்று எழுதிய உறை
மேசையிலேயே கிடந்தது.
இடுப்பாம். மார்ச்சில் மாற்றினார்களாம்.
அப்படியானால் எல்லைக்கோட்டை
நான் தவழ்ந்து தொட்டாலும் முதலிடம்.
ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக் கேட்டது
தட்டில் வைத்து வந்தபோது
தொண்டையில் இறங்கவில்லை.

ஃபியோர்டு கறுப்பாக இருந்தது.
மீன்பண்ணை வாடை.
உதட்டை ஒரு ஜெல்லிமீன் உரசியது.
இளவட்டங்கள் என் முதுகில் ஏறியே போனார்கள்;
ஒருவன் மட்டும் மன்னிப்புக் கேட்டான்,
தண்ணீருக்குள்ளேயே, குமிழியாக.

பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர் மழை.
சுரங்கத்துக்குள் மட்டும் வெயில்காலம்.
சட்டைப் பையில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு.
மேட்டில் மிதித்தேன், டாக்டர்.
எனக்குப் பயம் இறக்கம்தான்:
ஓரத்து வெள்ளைக் கல்லெல்லாம் ஆடு.

அதற்குப் பிறகு நடந்ததை
ஓட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
இருபத்தெட்டாவது கிலோமீட்டரில்
குதிநரம்பு கணக்கு கேட்டது.
அடுத்த விளக்குக் கம்பம் வரை தவணை கேட்டேன்.
கொடுத்தது.
கம்பத்தில் காத்திருந்தது, வட்டியோடு.
பாதி வயசுப் பையன் ஒருவன் ஓரத்தில் உட்கார்ந்து
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
வாங்களேன், உட்காருங்கள் என்றான்.
உட்கார்ந்தால் என்னை எழுப்ப
துறைமுகத்திலிருந்து கிரேன் வர வேண்டும்,
தம்பி.

முப்பத்துநாலில் ஒரு கூடாரம்.
ஆட்டிறைச்சி சூப்பின் ஆவி.
மேசையில் சாய்த்துவைத்த இரண்டு ஊன்றுகோல்.
மஞ்சள் மழைக்கோட்டுக்குள்
சோல்ஃப்ரிட்.

குவளையை நீட்டினாள்.
வாழ்த்தவில்லை, அணைக்கவில்லை.
தோளைத் தூக்கித் தூக்கி ஓடுகிறாய், என்றாள்,
நொண்டிக் கோழி மாதிரி.
பிறகு தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
பேனாவில் எழுதி
மழையில் பாதி கரைந்த ஒரு நேரம்.
போன வருடம் இந்த இடத்தைத் தாண்டி
நான் போய்
மூன்று நிமிடம் ஆகிவிட்டது, என்றாள்.

சூப் நாக்கைச் சுட்டது.
மீதியைப் புல்லில் ஊற்றினேன்.
நன்றி சொன்னேனா, நினைவில்லை.
விளக்குக் கம்பம் வந்தது, போனது,
இன்னொன்றும்.
தவணை கேட்க நேரமில்லை.
மழைக்குள் கண்ணை இடுக்கி
அவள் முதுகைத் தேடினேன்,
மூன்று நிமிடத் தொலைவில்.