வண்டல்

"மேடம், நீங்களேவா பாக்கப் போறீங்க?"
எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று
ஆட்டோவை எட்டிப் பார்த்தார் கோதண்டபாணி சார்.
நான் மட்டும்தான்.
ஒரு டார்ச், பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடி,
மல் துணி சுற்றிய காந்தம்.

கோட்டூர்புரம். போர்ட்டிகோ நிழலில்
எம்.ஜி., ஐம்பத்திரண்டு மாடல், இரண்டே இருக்கை,
குங்குமச் சிவப்பு.
சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது.
இந்த முறை பார்க்க வந்தவள் நான்.

"ஒரே கை. அப்பா வாங்கினது. சோழவரத்துல ஓடினது.
ஒரு கீறல் கெடையாது."
வலது மட்கார்டில் காந்தம் ஒட்டியது.
இடதில் வழுக்கி
என் கையிலேயே விழுந்தது.
அரை விரல் கனத்துக்குப் பட்டி.
அவர் மாமரத்தைப் பார்த்தார்.
இருக்கட்டும்,
பந்தயத்தில் பட்ட அடிக்கு நான் விலை குறைப்பதில்லை.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
சிவப்பு அங்கே எட்டவில்லை.
வெற்றிலையின் பின்புறம் போல வெளிறிய பச்சை,
பிறந்த நிறம்.
அப்படியே விட்டிருந்தால் நாலு லட்சம் கூட.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
பெயின்ட்டுக்குச் செலவழித்துவிட்டுத்தான்
என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இஞ்சின் எண் சரி, சேசிஸ் எண் சரி,
கார்புரேட்டர் இரண்டிலும் புதுப்பேட்டை வாசனை இல்லை.
போனில் கோயம்புத்தூர்:
"முடிச்சிருங்க, பணம் ரெடி."

அப்புறம் கதவு.
இந்த வண்டிக்குத் தகரத் தோலுக்குள் மர எலும்பு.
ரெக்சினை நகத்தால் நெம்பிக் கண்ணாடியை நுழைத்தேன்.
மரத்தில் ஒரு கோடு,
ரசமட்டம் வைத்துக் கிழித்ததுபோல.
அதற்குக் கீழே காப்பிப்பொடி நிறத்தில்
காய்ந்த வண்டல், ஒரு நத்தை ஓடு.

"பதினஞ்சு வெள்ளத்தப்ப வண்டி எங்க சார் இருந்துச்சு?"
"ஏற்காட்டுல. தம்பி வீட்டுல."
கேட்டு முடிக்குமுன் வந்துவிட்டது.
உண்மையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும்.
ஜாபர்கான்பேட்டையில் எங்கள் சுவரில்
காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் மேலே.
மூன்று கை பெயின்ட் அடித்தும்
ஐப்பசி வந்தால் ஊறி வெளியே வரும்.
அதே ஆறு, அதே ராத்திரி.
எங்களை முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது.
இந்தக் கதவுக்குள்
எங்கள் வீட்டு ரேஷன் அரிசி நாலு கிடந்தாலும் கிடக்கும்.

அடுத்த தையில் என் ஸ்கூட்டியை விற்றேன்.
வந்தவன் குரோம்பேட்டைப் பையன், புது வேலை,
கழுத்தில் அடையாள அட்டையோடு.
"தண்ணி பாத்த வண்டியாக்கா?"
"மாடில ஏத்தி வெச்சிருந்தோம்பா."
பதினாறாயிரம்.
எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.
நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோதண்டபாணி சார் பஜ்ஜித் தட்டை
என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார்.
படிவத்தில் பதினெட்டாவது கேள்வி:
நீரில் மூழ்கியதா? ஆம். இல்லை.
அந்தப் பையனின் பெயரை நினைத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
ஆம் என்பதைச் சுழித்தேன்.

தலைகீழாகவே படித்துவிட்டார்.
"எவ்ளோ கொறையும்?"
"ஆறு. ஆறரை."
கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"மேலேர்ந்து பாத்துட்டே நின்னேம்மா.
கடைசியில ஸ்டியரிங் மட்டும் வெளில.
உள்ள யாரோ உக்காந்து
புடிச்சிட்டிருக்கிற மாதிரி."
கொஞ்ச நேரம் கழித்து,
"உங்க பக்கம் எப்டி?"

"எங்களுக்கு மாடி இல்ல சார்."

கோயம்புத்தூர் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.
பஜ்ஜி ஆறி, எண்ணெய் உறைந்திருந்தது.
ரெண்டு எடுத்துக்கொண்டேன்.