பின்பொக்கற்

பர்சைப் பின்பொக்கற்றில் வைக்காதையுங்கோ
என்று பிசியோ மிஸ் சொன்ன பிறகுதான் தெரிந்தது,
பத்தொன்பது வருசம்
ஒரு பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டே
கொழும்பு பஸ் ஓடியிருக்கிறேன்.
உள்ளே காசென்று பெரிதாக இல்லை.
டீசல் ரசீதுகள்,
சோதனைச்சாவடிகளில் நீட்டி நீட்டி
முனை மழுங்கின அடையாள அட்டைப் பிரதி.
அந்தத் தடிப்புத்தான்.

ஊசி இல்லையா, கேட்டேன்.
பெல்ட்?
எண்ணெய்?
கன்னியாவில் ஏழு கிணறும் குளித்தாயிற்று.
ஈரச் சாரத்தோடு ஓட்டோவில் ஏறும்போதே
நாரி நோ
எனக்கு முன்னால் ஏறி இருந்தது.

மிஸ் ஸ்கானைப் பெரிதாகப் பார்க்கவில்லை.
நடவுங்கோ, என்றா.
எவ்வளவு?
காணுமெண்டு வாறதுக்குக் கொஞ்சம் முன்னம்
நிப்பாட்டுங்கோ.

முதல் கிழமை டச்பே வீதியில்
நடப்பவன் போல நடித்தேன்.
தண்ணீர்க் கானைத் தூக்க முழங்காலை மடித்தால்
பிலோமினா சிரிக்கிறாள்:
பூசையிலகூட நீங்க இப்பிடி முட்டுக்கால் போட்டதில்லை.
இரவில் என் கால்களுக்கிடையில் அவளுடைய தலையணை.
அவள் கையை மடித்துத் தலைக்கு வைக்கிறாள்.
சிகரெட்டையும் விடச் சொன்னா மிஸ்.
விடவில்லை. மூன்று.

ஹபரணையில் இப்போது இறங்குகிறேன்.
முன்பெல்லாம் பர்ஹான் பிளேன்ரீயை
ஜன்னலால் நீட்டுவான்.
ரயர் பார்ப்பது போல பஸ்ஸை நாலு தரம் சுற்றுகிறேன்.
மூன்றாம் சுற்றில் ஒருவர் தலையை நீட்டி
ட்ரைவர், ஏதும் பிழையோ என்றார்.
பஸ்ஸில் இல்லை, என்றேன்.

ஒரு விடியல்,
கோட்டை வாசலடியில் படுத்திருந்த மான்களில்
ஒன்று எழும்பியது.
பின்பக்கம் முதலில்.
முன் முழங்கால்கள் இன்னும் நிலத்தில்.
அப்படியே கொஞ்சம் யோசித்தது,
வாயில் ஒரு லொத்தர் ரிக்கற்.
பிறகுதான் மற்றது.
இத்தனை வருசம் ஹோர்ன் அடித்து விலக்கிய மிருகம்.
நானும் இப்போது அப்படித்தான்:
சரிந்து, காலைத் தொங்கவிட்டு,
கையை ஊன்றி,
உடைகிற சாமானை லொறியிலிருந்து இறக்குவது போல
கட்டிலிலிருந்து என்னை இறக்குகிறேன்.

நோ போகவில்லை.
கந்தளாய் தாண்டினதும் வரும்.
மழை நாளில், இரண்டு சீற்றுக்கு ரிக்கற் எடுத்த ஆள் மாதிரி
அகலமாக இருக்கும்.
சில இரவுகளில் தம்புள்ளையில்
எனக்குத் தெரியாமலே இறங்கிவிடும்.

பர்ஸ் இப்போது டாஷ்போர்டில்,
மாதா படத்துக்குக் கீழே.
பிரேக் போட்டால் முன்னால் வழுக்கும்.
ஒரு கையால் பிடிக்கிறேன்,
நிமிர்ந்தபடி.